படகுக்காரன் எந்தக் கையால் ஊட்டினான்

நான் பதினோரு படம் பார்த்தவன். என் தங்கை சுருளியம்மாள் பார்த்தது ஒரே ஒரு படம். ஆனால் எங்கள் தேயிலை எஸ்டேட்டுக்கு வந்து, இங்கே சினிமாப் பைத்தியம் யார் என்று கேட்டுப் பாருங்கள். மேல் லயத்து வரிசை வீடுகளிலிருந்து கீழ் லயம் வரைக்கும் அவள் பெயரைத்தான் சொல்வார்கள். இதைக் கேட்டு வயிறு எரியாமல் இருக்க நான் என்ன மகானா? எரிந்தது. நன்றாகவே எரிந்தது. அந்த எரிச்சலில் நான் செய்த காரியத்தையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். அதை விட்டுவிட்டு அவளைப் பற்றி எழுத முடியாது.

முதலில் என் படங்களைச் சொல்லிவிடுகிறேன். இங்கே சொல்லாவிட்டால் வேறு எங்கும் யாரும் கேட்கப் போவதில்லை.

இதெல்லாம் படம் பேசாத காலம். கம்பத்தில் கூடாரம் போட்டு, எண்ணெய் எஞ்சின் வைத்து, வெள்ளைத் துணியில் காட்டுவார்கள். துணிக்குப் பக்கத்தில் ஒருவர் கையில் குச்சியோடு நின்று கதையைச் சொல்லுவார். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் நான் குமுளி வந்து, மலைப்பாதையில் கம்பம் இறங்கி, படம் பார்த்து, அங்கேயே அத்தை வீட்டில் படுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மலை ஏறுவேன். திங்கட்கிழமை விடியும்போது ஆள் எண்ணுகிற பெரட்டுக்களத்தில் பேர் கொடுக்க நின்றாக வேண்டும். இருந்தும் போவேன்.

என் கணக்கில் முதல் இடம் ஜன்னலில் மாட்டிக்கொண்ட குண்டன் படத்துக்கு. கதை என்று ஒன்றும் கிடையாது. ஒரு குண்டு வெள்ளைக்காரன் ஜன்னல் வழியே ஏறி இடுப்போடு மாட்டிக்கொள்வான். உள்ளே ஒரு நாய், வெளியே ஒரு போலீஸ்காரன். நான் சிரித்த சிரிப்பில் முன்னால் இருந்தவர் திரும்பி என்னை அறைய வந்தார். இரண்டாவது குதிரைப் படம். ஓடுகிற குதிரையிலிருந்து ஓடுகிற ரயிலுக்கு ஒருவன் தாவுவான். மூன்று தடவை பார்த்தேன். மூன்றாம் தடவை அவன் தாவும்போது படச்சுருள் அறுந்து, அவன் கடைசிவரை ரயிலைப் பிடிக்கவேயில்லை. அப்புறம் ஒரு சாமி படம். பெண்கள் துணிக்கு முன்னால் தேங்காய் உடைத்தார்கள். அம்மனாக நடித்தது ஆம்பிளை என்பதைச் சவரம் செய்த தாடையை வைத்து நான்தான் முதலில் கண்டுபிடித்தேன். அதைச் சொன்னதற்கு அடி விழாமல் தப்பியது அந்த அம்மன் புண்ணியம்.

இப்படிப் பதினொன்று. எதற்கு எந்த இடம் என்று எனக்குள் வரிசை இருந்தது. ஒவ்வொரு புதுப் படத்துக்குப் பிறகும் அந்த வரிசையை மாற்றி, லயத்துக் குழாயடியில் உட்கார்ந்து சொல்லுவேன். கேட்க ஆள் இருந்தது. ஃபேக்டரியில் இலை உலர்த்தும் அடுப்புக்கு விறகு தள்ளுகிறவனுக்கு வேறு என்ன மரியாதை கிடைக்கும்? 'சினிமா பிச்சைமணி' என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயரை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

இனி அவள்.

எங்கள் அப்பாவும் அம்மாவும் உத்தமபாளையம் பக்கத்திலிருந்து என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு மலை ஏறியவர்கள். சுருளி லயத்திலேயே பிறந்தவள். ஏழு வயதில் தண்ணீர்க்குடத்தோடு பாசி படிந்த படியில் விழுந்து வலது மணிக்கட்டை ஒடித்துக்கொண்டாள். மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. அந்தக் கையால் ஒரு கொழுந்தைக் கிள்ளலாம், ஒரு பின்னல் போடலாம்; பாரம் எதையும் தூக்க முடியாது. தூக்கினால் நடுங்கும், நழுவும். அதனால் அவளுக்கு எல்லாமே இடது கைதான். சாப்பிடுவதும் அதுதான்.

அம்மாவுக்கு இது பொறுக்காது. "எந்தக் கையில திங்கிற" என்று கேட்டபடியேதான் சோறு போடுவாள். அம்மா வெளியே போயிருக்கும்போது சுருளி நிம்மதியாக இடது கையால் பிசைந்து தின்பாள். அம்மா வந்ததும் நான் போய்ச் சொல்லிவிடுவேன். ஏன் சொன்னேன் என்றால், அவளுக்கு விழுகிற அடி எனக்கு ஒரு பிடிச் சோறு அதிகமாக இறங்க வைக்கும். அப்போது எனக்குப் பத்து வயது. பிறகு திருந்திவிட்டேன் என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதினேழு வயதில் சக்குபள்ளத்தில் ஏலத்தோட்டத்து வேலைக்காரக் குடும்பம் ஒன்றில் அவளைக் கட்டிக்கொடுத்தோம். நாற்பதாம் நாள் தகரப்பெட்டியோடு திரும்பி வந்துவிட்டாள். மாமனாரின் அண்ணன் விருந்துக்கு வந்திருக்கிறார். ரசம் ஊற்ற இவளை அனுப்பியிருக்கிறார்கள். சட்டியை வலது கையில் பிடிக்க முடியுமா? இடது கையால் ஊற்றினாள். அவர் இலையை விட்டு எழுந்துவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. "பீச்சாங்கையால போடுறவள வச்சு என்ன குடும்பம் பண்ணுறது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவள் அழுது நான் பார்க்கவில்லை. மறுநாளே கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டாள்.

அந்த மலையில் அவளை ஒருவரும் அடித்துக்கொள்ள முடியாது. இடது கை அப்படி ஓடும். சாயங்காலம் கொழுந்து நிறுக்கும்போது முதல் மூன்று பேரில் அவள் இருப்பாள். கிள்ளுகிற கை ஆகும். கொடுக்கிற கை மட்டும் ஆகாது. வெற்றிலை நீட்டினால்கூட, "கீழ வையி சுருளி, எடுத்துக்கிறேன்" என்பார்கள். இதை எல்லாரையும் விடக் கறாராகச் சொல்லுகிறவள் தலைக்கங்காணியின் பெண்டாட்டி குருவம்மாள். நாங்கள் பெரியம்மா என்று கூப்பிடுவோம். பெரியம்மா வைத்ததுதான் பெண்கள் பக்கத்துச் சட்டம்.

பங்குனியில் எஸ்டேட் மாரியம்மனுக்குப் பொங்கல் வைப்போம். பெரிய அண்டாவில் பொங்கி, படைத்து முடித்ததும் வீட்டுக்கொரு பெண்ணாக அகப்பையை வாங்கி, வரிசையில் வருகிறவர்களுக்கு ஒரு சுற்றுப் பரிமாற வேண்டும். அது ஒரு பெருமை. அகப்பை கைமாறும்போது பெரியம்மா ஒவ்வொருத்தியாகப் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். எங்கள் வீட்டுக்கு என் பெண்டாட்டி பூமாரியைக் கூப்பிடுவாள். சுருளி பேரைக் கூப்பிட்டதே இல்லை. ஒருநாள் பூமாரியிடம் சுருளி சொல்லியிருக்கிறாள்: "மதினி, சாகறதுக்குள்ள ஒரு தடவ அந்த அகப்பையப் பிடிச்சு நாலு பேருக்குப் போட்டுரணும். வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்." பூமாரி அதை என்னிடம் சொன்னபோது நான், ஆசைப்பட யார் காசு கேட்கிறார்கள் என்றேன்.

கம்பத்து அத்தை வீட்டில் ஒரு காதுகுத்து வந்தது. பூமாரி பிள்ளை உண்டாகியிருந்ததால் மலை இறங்க முடியவில்லை. முறை செய்ய ஒரு பெண் போக வேண்டுமே என்று சுருளியைக் கூட்டிப் போனேன். கூடாரத்தில் புதுப் படம் ஓடிக்கொண்டிருந்தது. அவளை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. என் குணத்தில் நல்லது எதுவும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு சீட்டு வாங்கினேன். அந்தக் கூடாரத்தில் ஆண்களுக்குத் துணிக்கு முன்பக்கம் இடம். பெண்களுக்குத் துணிக்குப் பின்பக்கம். துணியைத் தண்ணீரில் நனைத்துக் கட்டியிருப்பார்கள். வெளிச்சம் ஊடுருவி இரண்டு பக்கமும் தெரியும். நான் முன்னே, அவள் பின்னே.

நாங்கள் அதைப் படகுக்காரன் படம் என்று சொல்வோம். ராஜாவின் பிள்ளையைச் சித்தப்பன் ஆற்றில் எறிந்துவிடுவான். படகுக்காரன் ஒருவன் எடுத்து வளர்ப்பான். பிள்ளை பெரியவனாகித் தானும் படகு ஓட்டுவான். நாட்டை விட்டுத் துரத்தப்பட்ட ராணி, கண் தெரியாமல், தன் பிள்ளையின் படகிலேயே வந்து ஏறுவாள். பசியில் மயங்கிக் கிடப்பாள். அவன் தன் சட்டிச் சோற்றைப் பிசைந்து ஊட்டுவான். ஊட்டின கையைத் தடவிப் பார்த்துத்தான் இவன் தன் பிள்ளை என்று அவள் கண்டுபிடிப்பாள். அப்புறம் வாள்சண்டை, சித்தப்பன் சாவு, பட்டாபிஷேகம். என் வரிசையில் இந்தப் படத்துக்கு ஏழாம் இடம் கொடுத்தேன். சண்டை போதாது.

திரும்பி மலை ஏறும்போது சுருளி ஒரு வார்த்தை பேசவில்லை. படம் புரியவில்லை போல என்று நினைத்து, நானே கதையைச் சொல்லிக்கொண்டு வந்தேன். ம் கொட்டிக்கொண்டு வந்தாள்.

அடுத்த வாரத்தில் குழாயடி காலியானது. நான் ஏழாம் இடத்துப் படத்தைச் சொல்லத் தொடங்கினால், "அதத்தான் சுருளி சொல்லிருச்சே" என்று எழுந்து போனார்கள். எங்கே சொன்னாள் என்று விசாரித்தேன். மத்தியானம் மலையில், கஞ்சி குடிக்கிற நேரத்தில், சொல்லுகிறாள். முதல் நாள் நான்கு பேர் கேட்டிருக்கிறார்கள். மறுநாள் கொழுந்து கிள்ளுகிற முழு செட்டும் கேட்டிருக்கிறது. நான் விறகு ஏற்றப் போகிற சாக்கில் ஒருநாள் அந்தப் பக்கம் போய், தேயிலைச் செடிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அவள் நடுவில் உட்கார்ந்திருந்தாள். இடது கையில் கஞ்சிச் சோற்றை எடுத்தாள். எதிரே யாரும் இல்லாத இடத்தில், ஒரு வாய் இருக்கிற உயரத்துக்கு, மெதுவாக நீட்டினாள்.

"அவனுக்கு ரெண்டு கையும் நல்லாத்தான் இருக்கு," என்றாள். "வலது கை ஒடிஞ்சவனா? இல்ல. துடுப்புப் பிடிக்கிற ஆளு. இருந்தும் பெத்த தாய்க்கு இந்தக் கையாலதான் ஊட்டுனான். அவளும் ராணி. அவ வேண்டாம்னு சொல்லல. அந்தக் கையப் பிடிச்சு கண்ணுல ஒத்திக்கிட்டா."

பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். என் பெண்டாட்டி, பிள்ளைத்தாய்ச்சி, நான் சொன்ன ஒரு படத்துக்காவது கண்ணைத் துடைக்காதவள், முந்தானையை எடுத்துத் துடைத்துக்கொண்டாள். எனக்குக் காதிலிருந்து புகை வந்தது. பதினோரு படம் பார்த்தவன் நான். இருபது மைல் ஏறி இறங்குகிறவன் நான். ஒரு படத்தை, அதுவும் ஓசியில், பார்த்துவிட்டு வந்தவளுக்கு இத்தனை கண்ணீரா? அதோடு, அவள் சொல்வது பொய். அவன் வலது கையால்தான் ஊட்டினான். நான் என் கண்ணால் பார்த்தேன்.

அன்று சாயங்காலமே கொழுந்து நிறுக்கும் இடத்தில், நாலு பேர் முன்னால், சொன்னேன். "சுருளி கதை விடுது. அவன் ஊட்டுனது சோத்துக்கையாலதான்."

சுருளி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. "இல்லண்ணே. இடது கை. நான் நல்லாப் பாத்தேன்."

"நான் முன்னாடி உக்காந்து பாத்தவன்."

"நீ இத்தன நாளு கதை சொன்னியே, ஒரு நாளாச்சும் கையப் பத்திச் சொன்னியா?" என்று குருவம்மாள் பெரியம்மா குறுக்கே வந்தாள். "இப்ப மட்டும் எப்பிடி ஞாபகம் வருது? உனக்கு உன் தங்கச்சி மேல பொறாமை பிச்சைமணி. முகத்துலயே எழுதி ஒட்டியிருக்கு."

சிரித்தார்கள். பெரியம்மா சொன்னதில் தப்பில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். நான் கையைப் பற்றிச் சொன்னதில்லைதான். வலது கையை யார் கவனிப்பார்கள்? அது செய்ய வேண்டியதைச் செய்கிறது.

அதற்குப் பிறகு ஒரு மாதிரி மாற்றம் வந்தது. ஒருநாள் சுருளி நீட்டிய வெற்றிலையைப் பக்கத்து வீட்டுக்காரி கையிலேயே வாங்கினாள். வாங்கிவிட்டு, "படகுக்காரன் கையில்ல" என்று சிரித்தாள். பிறகு இன்னொருத்தி. பூமாரிக்குப் பிள்ளை பிறந்தபோது முதல் சொட்டுச் சர்க்கரைத் தண்ணீரைச் சுருளிதான் வைக்க வேண்டும் என்று பூமாரி பிடிவாதம் பிடித்தாள். என் பிள்ளைக்கு, என் வீட்டில், இடது கையால். நான் வாசலுக்குப் போய்விட்டேன். சினிமா பிச்சைமணி என்ற பெயரையும் ஒவ்வொருவராக மறந்துபோனார்கள். 'படம் சொல்லுற சுருளி அண்ணன்' என்று புதுக் கணக்கப்பிள்ளை என்னைக் குறித்துக் கேட்டபோது அன்று முழுவதும் நான் சாப்பிடவில்லை.

மாசி மாதம், ஏலக்காய் வியாபாரம் சூடாக இருந்த நேரத்தில், அந்தக் கூடாரமே மலை ஏறிக் குமுளிக்கு வந்தது. அதே படகுக்காரன் படம். எங்கள் எஸ்டேட்டே கிளம்பியது. சுருளி சொன்ன படத்தைக் கண்ணால் பார்க்கிற ஆசையில் பிள்ளைக்காரிகள்கூடக் கம்பளியில் பிள்ளையைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். நான் மனதுக்குள் குதித்தேன். இன்றைக்கு அவள் வண்டவாளம் தண்டவாளத்தில் ஏறப் போகிறது. நாற்பது பெண்களும் அந்த வலது கையைப் பார்க்கட்டும் என்று இருந்தேன்.

பொழுது சாய்ந்ததும் எஞ்சின் ஓடத் தொடங்கியது. பிள்ளையின் கம்பளியை நான் தோளில் போட்டுக்கொண்டே முன்பக்கம் வந்துவிட்டேன். அதைப் பூமாரியிடம் கொடுக்கத் துணிக்குப் பின்பக்கம் போனேன். அந்த நேரம் துணியில் 'நல்வரவு' என்று எழுத்துப் போட்டார்கள். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். பின்னால் இருந்து பார்த்தால் அந்த எழுத்து ஒன்றும் விளங்கவில்லை. எல்லாம் புரண்டு, கடைசி எழுத்து முதலில் நின்றது. பெண்கள் யாருக்கும் படிக்கத் தெரியாது. ஒருத்தியும் அதைக் கவனிக்கவில்லை. நான் கம்பளியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

எனக்குப் புரிந்துவிட்டது. அவள் பொய் சொல்லவில்லை. பின்பக்கம் இருப்பவர்களுக்கு வலது இடதாகத் தெரிகிறது. இன்றைக்கும் இந்த நாற்பது பேரும் இடது கையைத்தான் பார்க்கப் போகிறார்கள். பார்த்துவிட்டு அவளைத் தலையில் தூக்கி வைக்கப் போகிறார்கள்.

இதை எனக்குள்ளேயே வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கலாம். என்ன நஷ்டம்? ஒரு படம். என் வரிசையில் ஏழாம் இடம். அதுகூட முடியவில்லை. நெஞ்சு குளிர்ந்து போயிருந்தது. ஜெயித்துவிட்டேன் என்று ஒரு சந்தோஷம். யாரிடமாவது காட்டாமல் அது அடங்காது.

சுருள் மாற்ற விளக்குப் போட்டபோது மறுபடி பின்னால் போனேன். "சுருளி, எந்திரிச்சு வா."

"எங்கண்ணே?"

"முன்னாடி. ஒண்ணு காட்டணும்."

"ஆம்பளைங்க இருக்காங்களே."

"நான் இருக்கேன்ல. வா."

நான் கூப்பிட்டேன் என்று வந்தாள். ஓரத்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார வைத்தேன். விளக்கு அணைந்தது. ஆறு வந்தது, படகு வந்தது, ராணி மயங்கி விழுந்தாள். சட்டியைத் திறந்து அவன் சோற்றில் கை வைத்தான். நான் துணியைப் பார்க்கவில்லை, இவளைத்தான் பார்த்தேன். முதலில் அவளுக்கு விளங்கவில்லை. கொஞ்சம் முன்னால் குனிந்தாள். அவன் வலது கையால் ஊட்டினான். ராணி வலது கையைப் பிடித்துக் கண்ணில் ஒத்திக்கொண்டாள். குச்சிக்காரர் ஏதோ உருக்கமாகக் கத்திக்கொண்டிருந்தார். சுருளி தன் இடது கையை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"பின்னாடி இருந்து பாத்தா மாறித் தெரியுமா அண்ணே?" என்று கேட்டாள்.

"ஆமா. சேலையைப் புரட்டிப் பாத்தா பூ மறுபக்கம் திரும்பித் தெரியுதுல்ல. அது மாதிரிதான்."

"எப்பருந்து தெரியும் உனக்கு?"

"இன்னைக்குத்தான். கம்பளி குடுக்க வந்தப்ப."

"இன்னைக்குத் தெரிஞ்சு, இன்னைக்கே கூட்டியாந்துட்ட," என்றாள். மிச்சப் படத்தை முன்னால் இருந்தே பார்த்தாள்.

திரும்பி நடக்கும்போது பெண்கள் கூட்டம் ஒரே கொண்டாட்டம். "சுருளி சொன்னது ஒரு எழுத்து மாறல," என்றாள் பூமாரி. "இடது கையேதான். நான் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்." நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, முன்பக்கம் வலது கையாகத்தான் தெரிந்தது என்று தொடங்கினேன். நாற்பது பேர் கண் பொய்யா என்று பாய்ந்தார்கள். சாட்சிக்கு என் பக்கத்தில் நடந்துவந்த மொக்கையனைக் கேட்டேன். ஃபேக்டரியில் என்னோடு விறகு தள்ளுகிறவன். படம் முழுவதும் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவன்.

"கையா?" என்றான் மொக்கையன். "யாருப்பா கையப் பாத்தா. நான் ராணியப் பாத்தேன்."

மிச்ச ஆண்களும் அதையேதான் சொன்னார்கள். எனக்கு இருந்த ஒரே சாட்சி சுருளி. அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் கம்பளியைத் தலைவரை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தாள். ஒத்துக்கொள்ள மனமில்லை, அழுத்தக்காரி என்று உள்ளுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

அதற்கு நான்காம் நாள் குருவம்மாள் பெரியம்மா எங்கள் லயத்துக்கு வந்தாள். நின்றபடியே, எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். "இந்த வருசம் பொங்கலுக்கு முத அகப்பை சுருளிக்கு. இடது கையாலயே போடட்டும். பெத்த ஆத்தாளே கண்ணுல ஒத்திக்கிட்டாளே, நாம என்ன அதுக்கு மேலயா? இத்தன வருசம் நான்தான் வேண்டாம்னு வச்சிருந்தேன். நானே சொல்லுறேன்."

பூமாரி சுருளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "எனக்கு வேண்டாம் பெரியம்மா," என்றாள் சுருளி. கூச்சத்தில் சொல்கிறாள் என்று எல்லாரும் சிரித்தார்கள். வேண்டாம் வேண்டாம் என்று மறுபடியும் சொன்னாள். பெரியம்மாவின் வார்த்தையை மீறி எங்கள் லயத்தில் யாரும் எதுவும் சொல்ல முடியாது. பேர் கொடுத்தாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா போய்விட்டாள்.

அப்போதுதான் எனக்குப் பொறாமை மெல்ல இறங்கி, அதன் இடத்தில் பயம் வந்தது. முன்பக்கம் இருந்து பார்த்தவள் எங்கள் எஸ்டேட்டில் அவள் ஒருத்திதான். மற்ற எல்லாரும் நம்புகிறார்கள். ஆசைப்பட்ட அகப்பையை, ஆசைப்பட்ட கையிலேயே பிடி என்று ஊரே தருகிறது. அவளைத் தவிர வேறு யாருக்கும் அதில் தடை இல்லை.

அன்று முதல் அவள் மலையில் கதை சொல்வதை விட்டுவிட்டாள். வீட்டில் வலது கையால் சாப்பிடப் பழகினாள். சோறு விரலிடுக்கில் வழிந்து மடியில் விழும். பொறுக்கித் தின்பாள். கடைசியில் என்னால் தாங்க முடியவில்லை. பூமாரி தண்ணீருக்குப் போயிருந்தபோது கேட்டேன்.

"ஏன் சுருளி இப்பிடிப் பண்ணுற? எப்பவும் போலச் சாப்பிடு. பொங்கலன்னைக்கும் இடது கையாலயே போடு. படத்துல எந்தக் கைன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்ல," என்றாள்.

"தெரிஞ்சா என்ன?"

"அம்மன் பானைண்ணே. பொய்ய வச்சு எப்பிடி அகப்பையைத் தொடுறது?"

அந்தக் கை நல்ல கைதான், படம் எப்படி இருந்தால் என்ன என்று ஒரு அண்ணன் சொல்லியிருக்க வேண்டும். சின்ன வயதிலிருந்தே நான் அப்படிச் சொன்னவன் இல்லை. இப்போது சொன்னால் அவள் நம்பவும் மாட்டாள்.

பங்குனிப் பொங்கலன்று வெயில் நன்றாக இருந்தது. படைத்து முடிந்ததும் பெரியம்மா பேர் கூப்பிட்டாள். சுருளி மஞ்சள் சேலை கட்டி, குளித்து ஈரத்தலையோடு வந்தாள். பெண்கள் வழிவிட்டார்கள். பெரியம்மா அகப்பையை அவளுடைய இடது கைப் பக்கம்தான் நீட்டினாள். சுருளி வலது கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

"அந்தக் கை வேண்டாம்மா. தாங்காது," என்றாள் பெரியம்மா. "படகுக்காரன் கையாலயே போடு."

சுருளி கேட்காதவள் போல அண்டாவுக்குள் அகப்பையை விட்டாள். நிறைந்து வந்த பொங்கலைத் தூக்கமுடியாமல் விளிம்பில் சாய்த்து, பாதியைக் கொட்டிவிட்டு, மிச்சத்தோடு எடுத்தாள். மணிக்கட்டு ஆடியது. முதல் ஆளின் இலையில் கொஞ்சம் விழுந்தது, கொஞ்சம் தரையில் விழுந்தது. இரண்டாவது ஆளுக்கு அதுகூட இல்லை. பூமாரி ஓடிவந்து, "ஏன் சுருளி, என்னாச்சு உனக்கு" என்று கையைப் பிடிக்கப் போனாள். சுருளி தலையை ஆட்டி அவளை விலக்கினாள். மேலுதட்டில் வேர்த்திருந்தது.

என் முறை வந்தது. இலையை நீட்டினேன். அகப்பை நடுங்கிக்கொண்டே வந்து, இலைக்கு ஒரு சாண் முன்னாலேயே சாய்ந்து, சூடான பொங்கல் அவள் காலில் கொட்டியது. காலை அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

"இடது கையால போடு சுருளி," என்றேன், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "உன் காலத் தொட்டுக் கேக்கறேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்தக் கைன்னு நீதானண்ணே காட்டுன," என்றாள். அகப்பையை அதே கையால் மறுபடியும் அண்டாவுக்குள் விட்டாள். "நகரு. பின்னாடி ஆளு நிக்குது."

நான் நகர்ந்தேன்.